ஊட்டாத கை

பட்டினி போட்டாளாம்! யார், பூங்கோதையா? யாருக்கு, அவள் மகன் வெற்றிக்கா? பதினைந்து வயதில் அப்பனைத் தாண்டி வளர்ந்து நிற்கிறானே, அந்த வெற்றிக்கா? சொல்கிறவர்கள் அந்தப் பையனை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். பட்டினி கிடந்த பிள்ளைக்குக் கன்னம் அப்படியா இருக்கும்?

ஆக்லாந்தில் லின்ஃபீல்டில் ஆரம்பித்த பேச்சு சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவுக்குப் போய், அங்கிருந்து பாலம் தாண்டி கிளென்ஃபீல்டில் இருக்கிறவர்கள் வாய் வரைக்கும் போய்விட்டது. நாற்பத்து மூன்று வயதில் படிக்கிறேன் என்று ஐரோப்பா போனாள், ஊர் சுற்றினாள், திரும்பி வந்ததிலிருந்து பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவதில்லை, வெள்ளைக்காரி ஆகிவிட்டாள். இதுதான் பேச்சு. இதில் அவள் ஐரோப்பா போனது உண்மை. ஊர் சுற்றியதும் உண்மை. ஏன், சுற்றினால் என்ன? மற்றது அத்தனையும் பொய். நடந்ததை முதலிலிருந்து கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

பூங்கோதைக்குச் சொந்த ஊர் கோபிப் பக்கம். புருஷன் பழனிசாமிக்கு ஆக்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, விசா வந்து, மூன்று வயது வெற்றியைத் தோளில் தூங்கப் போட்டுக்கொண்டு விமானம் ஏறியவள். வந்த புதிதில், டெய்ரி என்று இங்கே சொல்கிற தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் பால் வாங்குவதற்குக்கூட வழியெல்லாம் இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போவாள். வெற்றி பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு பிளாக்ஹவுஸ் பே பக்கம் ஒரு மழலையர் பள்ளியில் கூடமாட ஒத்தாசை செய்கிற வேலைக்குப் போனாள். மூக்குத் துடைப்பது, பெயின்ட் கிண்ணம் கழுவுவது, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது. அங்கே தலைமை ஆசிரியை குசும். ஃபிஜியிலிருந்து வந்தவள், முப்பாட்டன் காலத்தில் தமிழ்; இப்போது இங்கிலீஷும் ஹிந்தியும்தான். சிரிப்பு சீக்கிரம் வராத மனுஷி. அவளே ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னாள்: "பிள்ளைங்க எல்லாம் உன் பின்னாலதான் வருதுங்க. ஆனா டீச்சர்ங்க உட்கார்ந்து பேசுறப்ப நீ வெளியில நின்னு கிண்ணம் கழுவுற. போய்ப் படி."

போய்ப் படித்தாள். நாற்பது வயதில் கல்லூரி. முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது, அவளைப் பாடம் நடத்த வந்தவள் என்று நினைத்து ஒரு பெண் எழுந்து வழிவிட்டது. பூங்கோதை நேராகப் போய்க் கடைசி வரிசையில் அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அடுப்பில் பருப்பு வேகும், மேஜையில் கட்டுரை நடக்கும். குக்கர் விசில் அடித்தால் எழுந்து போய் இறக்கிவிட்டு வந்து, விட்ட வாக்கியத்தைப் பிடிப்பாள். ஒரு பாடத்திலும் தவறவில்லை. ஊரில் இதைப் பற்றி யாராவது பேசினார்களா? பேசவில்லை. நல்லதெல்லாம் யார் வாய்க்கும் ருசிக்காது.

மூன்றாம் வருஷம் கடைசிப் பயிற்சி வந்தது. அதை டென்மார்க்கில் போய்ச் செய்யலாம் என்று கல்லூரியில் ஓர் ஏற்பாடு இருந்தது. நமக்கு இங்கே குளிர்காலம் பிறக்கிற மே கடைசியில் போனால் அங்கே கோடை. காட்டுக்குள் நடக்கிற மழலையர் பள்ளி ஒன்றில் வேலை பார்க்க வேண்டும். அந்தப் பள்ளிக்கு விடுமுறை விட்டதும் ஒரு வாரம் ஊர் பார்த்துவிட்டு வரலாம். பேர் கொடுத்தவர்களில் மூன்று பேரை எடுத்தார்கள். அதில் இரண்டு பேர் இருபது வயதுக்காரிகள். மூன்றாவது பேர் பூங்கோதை பழனிசாமி.

குசும் சிரித்தாள். அவள் சிரித்தது அன்றைக்குத்தான். "அங்க கையெழுத்து வாங்கிட்டு வா. இங்க டீச்சர் வேலை உனக்குத்தான். வரலைன்னா பழையபடி கிண்ணம்" என்றாள். பூங்கோதைக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கையெழுத்து, அந்த வேலை. அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னதும் பழனிசாமி லேப்டாப்பை மூடினார்.

"ஆறேழு வாரமா? பையனுக்கு யாரு சோறாக்கறது?"

"பிரீசர்ல ரொப்பி வெச்சுட்டுப் போறேனுங்க. எடுத்துச் சூடு பண்ணிக்குங்க."

"அது செரி புள்ள. ஊட்டறது?"

கேலிக்குக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டார். வெற்றி சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து கேம் விளையாடுவான். இரண்டு கையும் அதில் இருக்கும். பூங்கோதை பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்து, பிசைந்து, உருட்டி, வாயில் வைப்பாள். அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாயை மட்டும் திறப்பான். மூன்று வயதில் தொடங்கியது, பதினைந்து வயதிலும் நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் நம்மில் பாதி வீட்டில் இதுதான் நடக்கிறது. வாசலைச் சாத்திவிட்டு நடக்கிறது, அவ்வளவுதான்.

கிளம்புகிற வாரம் வீடு கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. இரண்டு வீடு தள்ளி இருக்கிற உஷா வந்து, "எங்க வீட்டுக்காரர் எல்லாம் இதுக்கு விடவே மாட்டாருங்க" என்று சொல்லிவிட்டு, "போயிட்டு வாங்க, சாம்பார் நான் குடுத்துவிடறேன்" என்றும் சொன்னாள். பழனிசாமி பெட்டியில் கம்பளிச் சட்டையாக அடுக்கினார். ஜூன் மாதம் என்றால் குளிர் என்பது இத்தனை வருஷ ஆக்லாந்தில் அவருக்கு ரத்தத்தில் ஏறிப்போயிருந்தது. அங்கே வெயில் என்று பூங்கோதை சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. சான்ட்ரிங்ஹாமில் மளிகைக் கடை வைத்திருக்கிற சோபனா யாழ்ப்பாணத்துப் பெண். அவள் ஒரு பார்சலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அக்கா, ஐரோப்பாவுக்குத்தானே போறியள்? என்ர தங்கச்சி வதனி ஹம்பேர்க்கில இருக்கிறாள். இந்தக் கறித்தூளை அவளிட்ட குடுத்துவிடுங்கோ."

"அது ஜெர்மனியில்ல? நான் போறது டென்மார்க்குங்க."

"ஓம், ஓம். பக்கத்திலதான்."

நம் ஆட்களுக்கு ஐரோப்பா என்பது ஒரே தெரு. பூங்கோதை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அதற்காக ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து வெளியே போட்டாள்.

டென்மார்க்கில் அந்தப் பள்ளிக்குச் சுவர் கிடையாது. காலையில் பிள்ளைகளை ஒரு பஸ் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோய் விடும். அங்கே ஒரு மரக்குடில், ஒரு தண்ணீர்க் குழாய், வெட்டிப் போட்ட மரத்துண்டுகள். நாலு வயதுப் பிள்ளை கத்தியை வைத்துக்கொண்டு குச்சி சீவுகிறது. ஐந்து வயதுப் பிள்ளை மரத்து மேலே குருவி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. முதல் நாள் பூங்கோதை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்து வலி கண்டாள். "இறங்கு சாமி, உழுந்துருவே!" என்று தமிழிலேயே கத்தினாள். பிள்ளைகள் கீழே பார்த்துக் கையாட்டின.

அங்கே பொறுப்பாக இருந்தவள் ஹெல்லே. நரைத்த தலை, முழங்கால் வரை பூட்ஸ், குரல் உயர்த்தவே மாட்டாள். கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான்.

இரண்டாவது நாள் மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் மரத்துண்டுகளில் உட்கார்ந்து, கொண்டுவந்த டப்பாவைத் திறந்து கறுப்பு ரொட்டியைத் தின்றார்கள். மால்தே என்று ஒரு பையன், நாலு வயது, ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் முடிக்கப் போகிறார்கள், இவன் ஒரு வாய் வைக்கவில்லை. பூங்கோதைக்கு உட்கார முடியவில்லை. பக்கத்தில் போய், ரொட்டியை வாங்கி, சின்னதாகப் பிய்த்து, "அங்க பாரு, குருவி பாரு" என்று மரத்தைக் காட்டினாள். அவன் அண்ணாந்ததும் வாயில் வைத்தாள். விழுங்கினான். மறுபடி குருவி, மறுபடி ரொட்டி. டப்பா காலி. அதைப் பார்த்துவிட்டு இன்னொரு பெண் குழந்தை தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து வாயைத் திறந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு. கொஞ்ச நேரத்தில் பூங்கோதையைச் சுற்றிக் கோழிக்குஞ்சுகள் மாதிரி நாலைந்து வாய்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. டென்மார்க்கையே ஒரு மத்தியானத்தில் வளைத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு ஹெல்லே கூப்பிட்டாள்.

"மால்தேயோட சாப்பாட்டை ஏன் எடுத்துக்கிட்ட?"

"எடுத்துக்கலையே! குடுத்தேன். முழுசும் சாப்பிட்டான்."

"பசிக்குதா இல்லையான்னு அவன் யோசிச்சுக்கிட்டு இருந்தான். அந்த யோசனையை நீ எடுத்துக்கிட்ட."

பூங்கோதைக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது ஒரு குற்றமா? எந்த ஊர் நியாயம் இது? அந்தக் கோபத்தில் அதைச் சொல்ல இங்கிலீஷ் வரவில்லை. வந்திருந்தாலும் ஹெல்லே கேட்டிருக்க மாட்டாள். "இன்னொரு தடவை இப்படி நடந்தா என்னால கையெழுத்துப் போட முடியாது" என்று, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்குப் போனில் பழனிசாமி, "அவிகளுக்கு நம்ம பழக்கம் என்ன தெரியும்? உட்டுத் தள்ளு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் தள்ளிவிட்டால் திரும்பிப் போய்க் கிண்ணம்தான் கழுவ வேண்டும். அது பூங்கோதைக்குத்தான் தெரியும்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டாள். தன் கையை அவளே நம்பவில்லை. அந்தக் கை பன்னிரண்டு வருஷமாகப் பழகிய கை. வாய் திறந்திருக்கிற பிள்ளையைக் கண்டால் தானாகவே போகும். மால்தே வந்து வாயைத் திறந்து நின்றான். அவள் புன்னகைத்தாள், கையை எடுக்கவில்லை. அவன் போய் உட்கார்ந்து எறும்பு பார்த்தான். ரொட்டி பறவைக்குப் போயிற்று. அடுத்த நாளும் அப்படியே. அதற்கும் அடுத்த நாள், எல்லோருக்கும் முன்னால் டப்பாவைத் திறந்தவன் மால்தே. முழுவதையும் தின்றுவிட்டு, பக்கத்துப் பையனின் ஆப்பிளையும் கேட்டான்.

பூங்கோதை குடிலுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்தாள். சந்தோஷத்தில் இல்லை. வெற்றி ஒரு நாளாவது இப்படிப் பசித்து, தானாக ஒரு தட்டை எடுத்திருக்கிறானா என்று யோசித்தாள். ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் வேலையைக் கற்றாள். இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? பயிற்சி முடிந்த பிறகு பிராக் நகரத்துப் பாலத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்ற படத்தை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். காட்டில் மழையில் நின்ற படத்தை யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதில் இதுதான் இருந்திருக்கும்: மரத்துக் கிளையில் மால்தே. ஏறிவிட்டான், இறங்கத் தெரியவில்லை. "புங்கா! புங்கா!" என்று அழுகிறான், பிள்ளைகள் அவளை அப்படித்தான் கூப்பிடும். கீழே பூங்கோதை. கை எட்டும் உயரம்தான். ஒரு தடவை தூக்கி இறக்கினால் முடிந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விழுந்தால் தாங்குகிற தூரத்தில் நின்று, "முதல்ல எந்தக் கால்?" என்று கேட்டாள். அழுகை. மறுபடி, "எந்தக் கால்?" மழை பிடித்தது. மற்றப் பிள்ளைகள் குடிலுக்குள் போய்விட்டார்கள். அவள் நனைந்துகொண்டு நின்றாள். ரொம்ப நேரம் கழித்து ஒரு கால் வந்தது. பிறகு இன்னொரு கால். கடைசியில் வயிற்றைச் சட்டையோடு சிராய்த்துக்கொண்டு அந்தப் பக்கமாகச் சறுக்கி இறங்கினவன், அவளை ஒரு பார்வை கூடப் பார்க்காமல் குடிலைப் பார்த்து ஓடினான். தானே இறங்கியதாக உள்ளே எல்லோரிடமும் கத்திச் சொன்னது வெளியே கேட்டது.

வாசலில் நின்றிருந்த ஹெல்லே ஒரு துண்டை நீட்டினாள். அதோடு சரி. பாராட்டெல்லாம் இல்லை. ஜூன் கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதன் கீழே, "காத்திருக்கத் தெரிந்தவர்" என்று எழுதியிருந்தாள். மூன்று பேரில் அப்படி வாங்கியவள் இவள் ஒருத்திதான். இதையும் கிளென்ஃபீல்ட் வரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லுங்களேன்!

விடுமுறை விட்டதும் அந்த இரண்டு பெண்களோடு ரயில் ஏறினாள். பெர்லினில் விடுதியில் மேல்கட்டிலில் படுத்தாள். ஏணியில் ஏறும்போது அந்தப் பெண்கள் கை கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டாள். பிராக்கில் வழி தவறி, தவறிய தெருவிலேயே நல்ல சூப் குடித்தாள். பழனிசாமி கூட்டிக்கொண்டு போகாமல், ஒரு சொந்தக்காரர் கல்யாணமும் இல்லாமல், பார்க்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக அவள் டிக்கெட் எடுத்த ஊர்கள் அவைதான். வாழ்நாளில் முதல் தடவை. அதைத்தான் ஊர் சுற்றினாள் என்கிறார்கள். ஆமாம், சுற்றினாள்.

திரும்பும் வழியில் தனியாக ஹம்பேர்க்கில் இறங்கினாள், சோபனாவின் கறித்தூளுக்காக. ஸ்டேஷனுக்கு வதனியின் புருஷன் இரத்தினசிங்கம் வந்திருந்தார். நல்ல மனுஷர், பெட்டியை வாங்கிக்கொண்டார், துறைமுகத்தைச் சுற்றிக் காட்டினார், ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கதை சொன்னார். வீட்டுக்குப் போனால் வதனி வலது கையில் மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து இரண்டு வாரம். இடது கையால் இடியாப்ப உரலை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேரும், தேத்தண்ணி போட்டாச்சோ?" என்று இரத்தினசிங்கம் சோபாவில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"ஓமப்பா, வருது."

பூங்கோதை ஓடிப்போய் உரலை வாங்கிக்கொண்டாள். "அவரைக் கூப்பிடலாமுங்களே?"

"அவருக்கு அடுப்புப் போடத் தெரியாதக்கா. பழக்கேல்ல."

"ஆரு பழக்கல?"

வதனி கட்டுப் போட்ட கையை மேஜையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "முதல்ல அவற்ர அம்மா பழக்கேல்ல. பிறகு நான் பழக்கேல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பூங்கோதையும் கூடச் சிரித்தாள். ஆனால் இடியாப்பம் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருந்த இரத்தினசிங்கத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஐம்பது வயதில் வெற்றி அங்கே உட்கார்ந்திருந்தான்.

ஆக்லாந்தில் மழையும் குளிருமாக இருந்தது. விமான நிலையத்தில் பழனிசாமி சட்டையில் இஸ்திரி இல்லை. பிரீசர் இரண்டே வாரத்தில் காலியாகிவிட்டதாம். அப்புறம் உஷா வீட்டுச் சாம்பாரும் பீட்சாவும்தான். உஷா மேல் குறை சொல்ல முடியாது. பாவம், ஒரு மாதம் முகம் சுளிக்காமல் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அந்த உரிமையில்தான் அவளுக்கு வாய் நீண்டது.

மறுநாள் சாயங்காலம் வெற்றி டிவி முன்னால் உட்கார்ந்தான். விளையாட்டு ஓடுகிறது. கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தான். வாயில் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்துவிட்டு மூடிக்கொண்டான்.

"மம்?"

"சோறு மேசை மேல இருக்குது கண்ணு. எடுத்துப் போட்டுச் சாப்பிடு."

"ஐ'ம் இன் த மிடில் ஆஃப் அ கேம்!"

"முடிச்சுப்போட்டுச் சாப்பிடு."

அவன் சாப்பிடவில்லை. கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். பூங்கோதை சோபாவில் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மால்தே யார் வீட்டுப் பிள்ளையோ. இது அவள் பெற்றது. பத்து மடங்கு கஷ்டம். மூன்றாவது நாள் அவன் வீம்புக்கு மழையில் டெய்ரிக்கு நடந்துபோய் சிப்ஸ் வாங்கித் தின்றுகொண்டு வந்தான். காரில் போன உஷா அதைப் பார்த்துவிட்டாள். பட்டினிக் கதை பிறந்தது அந்த மழையில்தான்.

சனிக்கிழமை சோபனா கடையில் பூங்கோதை கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது உஷா பிடித்துக்கொண்டாள். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

"என்னங்க பூங்கோதை, புள்ளை மழையில நின்னு சிப்ஸ் சாப்பிடுது. ஐரோப்பாவுல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இதைத்தாங்க சொல்லிக் குடுத்தாங்க."

உஷா இதை எதிர்பார்க்கவில்லை. "பெத்த மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல? நீங்க இல்லாதப்ப நான்தான சோறு குடுத்தேன்?"

"நீங்க குடுத்ததை நான் மறக்க மாட்டேனுங்க உஷா. ஒரு மாசம் எங்கூட்டுக்கு ஒலை வெச்சீங்க. ஆனா அப்பனும் மகனும் ரெண்டு பேரு, கைகால் நல்லா இருக்கறவீக. இன்னொரு வீட்டுச் சாம்பாருக்குக் காத்துக்கிட்டு இருந்தது எனக்குத்தானுங்க வெக்கம்."

"அய்யோ, ஆம்பளைங்களுக்கு என்னங்க தெரியும்?"

கல்லாவில் இருந்த சோபனா, "என்ர தங்கச்சியைக் கேளுங்கோ, சொல்லுவாள்" என்றாள். உஷா கொத்தமல்லியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போனவள் சும்மா போகவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

அந்த வாரமே குசும் கூப்பிட்டாள். கையெழுத்தைப் பார்த்தாள், "காத்திருக்கத் தெரிந்தவர்" என்பதை இரண்டு தடவை படித்தாள். ஆகஸ்டில் வந்து சேர வேண்டும், காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் கதவு திறக்கிற பொறுப்பு அவளுடையது. இருட்டோடு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வர முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு, வேறு ஆள் பார்க்கிறேன் என்றாள்.

பழனிசாமிக்குச் சந்தோஷம்தான். ஆனால், "நவம்பர்ல பையனுக்குப் பரீட்சை. அது முடியட்டும் புள்ள. பிப்ரவரியில சேர்ந்துக்கலாம்" என்றார்.

"அதுவரைக்கும் அந்த வேலை எனக்காக நிக்காதுங்க."

"காத்தால எந்திரிச்சு ஆரு அவனுக்கு டிபன் செய்யறது? ஆரு டப்பா கட்டறது?"

பூங்கோதை ஒத்துக்கொண்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். பன்னிரண்டு வருஷமாக இந்த இடத்தில் ஒத்துக்கொண்டுதான் பழக்கம். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, நாளைக்கு எனக்குக் கை ஒடிஞ்சுபோச்சுன்னு வெச்சுக்குங்க. என்ன பண்ணுவீங்க?"

"உஷா வீட்ல…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

ஹம்பேர்க் கதையைச் சொன்னாள். இரத்தினசிங்கம் கெட்டவர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பழனிசாமி ரொம்ப நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அடுப்பு போடத் தெரியும், தேநீர் வரைக்கும். அதற்கு மேல் தெரியாது. "நாயித்துக்கெழம நான் ஆக்கறேன்" என்றார் கடைசியில், யாரோ சண்டைக்குக் கூப்பிட்ட மாதிரி. "டேய் வெற்றி, நீயும் வாடா."

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்திருக்க வேண்டும். அப்பன் அரிசி கழுவினார். மகன் போனில் வீடியோ பார்த்து ரசத்துக்குத் தக்காளி நறுக்கினான். பூங்கோதை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பழனிசாமி ரைஸ் குக்கரில் அரிசியைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடினார். சுவிட்சை அமுக்கவில்லை. அவளுக்கு அது முதல் நிமிஷமே தெரிந்தது. விளக்கு எரியவில்லையே! நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"உப்பு எத்தனை புள்ள?"

"நாக்குல வெச்சுப் பாருங்க."

ரசம் கொதித்தது. பெருங்காயம் கூடிப்போய் வீடே மணத்தது. தட்டு வைத்தார்கள். மூடியைத் திறந்தால் அரிசி தண்ணீருக்குள் அப்படியே கிடந்தது. அப்பனும் மகனும் குக்கருக்குள் குனிந்து பார்த்தார்கள்.

"டாட்! யூ டிட்ன்ட் இவன் ஸ்விட்ச் இட் ஆன்!"

"நீ எதுக்குடா பக்கத்துல நின்ன?"

"ஐ வாஸ் டூயிங் த ரசம்!"

இரண்டு பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். "உனக்கு முன்னாலயே தெரியுமா?" என்று பழனிசாமி கேட்டார். "தெரியுமுங்க" என்றாள். ஒரு கணம் அவருக்குக் கோபம் வந்தது. அடுத்த கணம் அவரே சிரித்துவிட்டார். வெற்றி ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்தான். சோறு வெந்தபோது மத்தியானம் கழிந்துவிட்டது. பூங்கோதை அந்தச் சோற்றை இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டாள். யாரோ ஆக்கிப் போட்டு அவள் தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அடுத்தடுத்த நாட்களில் முட்டை கருகியது, தோசை வட்டமாக வரவில்லை, வெற்றி இரண்டு தடவை டப்பா எடுக்காமல் பள்ளிக்கூடம் போனான். மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டு போனான். அவ்வளவுதான். இதற்குப் பேர் பட்டினியா?

ஆகஸ்டில் அந்தத் திங்கட்கிழமை வந்தது. வெளியே இன்னும் விடியவில்லை. சமையலறையில் பழனிசாமி உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார். கட்டி கட்டியாகத்தான் வந்தது, இருந்தாலும் உப்புமாதான். பூங்கோதை கறுப்புப் பேன்ட்டும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்தில் பள்ளியின் அட்டை தொங்கியது; அதில் அவள் பேருக்குக் கீழே டீச்சர் என்று போட்டிருந்தது. பழனிசாமி கரண்டியோடு நின்று அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி பார்த்தார்.

"பூங்கோதை டீச்சர்!" என்றார்.

"அடி புடிக்குதுங்க, கிண்டுங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. "போயிட்டு வரேனுங்க" என்றாள்.

ஷூவை மாட்டும்போது உள்ளறையிலிருந்து வெற்றியின் குரல் வந்தது. "மம்! வேர்'ஸ் மை பி.ஈ. ஷர்ட்?"

அந்த விளையாட்டு வகுப்புச் சட்டை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். டிரையருக்குள், நீலத் துண்டுக்கு அடியில், ஒரு கை உள்பக்கமாக மடிந்து கிடக்கிறது. இரண்டு எட்டு வைத்தால் எடுத்துக் கொடுத்துவிடலாம். வாயைத் திறந்தாலே போதும்.

"மம்!"

ஷூ நாடாவை முடிச்சுப் போட்டாள். பையைத் தோளில் மாட்டினாள். அலமாரிக் கதவுகளை அவன் ஒவ்வொன்றாகத் திறந்து சாத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பூங்கோதை வெளியே வந்து, வாசற்கதவைச் சாத்திவிட்டு, மழை வருவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.